துளைக்கல்

அயர்லாந்தின் அந்தக் கடலோரச் சிற்றூருக்குத் தானும் முதல்முறையாகத்தான் வருவதாக விமானத்திலேயே மனைவி பூங்கோதையிடம் சொல்லியிருந்தான் நன்மாறன். டப்ளினில் தனியாக வேலை பார்த்த காலத்தில்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லையாம். கடலை ஒட்டிய பாதையில் நடந்து, கூரை போன பழைய தேவாலயத்துக்கு வந்தார்கள். அதன் முற்றத்தில் ஆளுயரக் கல் ஒன்று நின்றது. நெஞ்சு மட்டத்தில் ஒரு துளை. இரு பக்கமிருந்தும் கையை விட்டுக் கட்டைவிரல்களைத் தொட்டுக்கொள்ளும் ஜோடி பிரியவே பிரியாது என்று விடுதிக்காரப் பெண் காலையில் சொல்லியிருந்தாள். நன்மாறன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கல்லுக்கு அந்தப் பக்கம் போனான். வெளியே அகலமாகத் தெரிந்த துளைக்குள் பூங்கோதை கையை விட்டாள். பாதியிலேயே வளையல் சிக்கிக்கொண்டது.

“வளையலைக் கழட்டிட்டு விடு. நடுவுல குறுகும்” என்றான் அவன், கல்லுக்குப் பின்னாலிருந்து.

அவன் விரல் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி, கட்டைவிரலைத் தேடிக்கொண்டிருந்தது.

“அவளும் வளையல் போட்டிருந்தாளா?” என்று கேட்டாள்.

விரல் நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கியது. அவளால் கையை வெளியே எடுக்க முடியவில்லை.