பயணி பார்க்கும் திரை

“புளுகுணியா? யாருடி புளுகுணி?” கிழவி கவுண்டர் கண்ணாடியைக் குடைக்காம்பால் தட்டினாள்.

கவுண்டருக்குள் இருந்த ஸ்மாரோ எட்டிப் பார்த்தாள். பயணிகள் பக்கம் திருப்பி வைத்த சின்னத் திரையில் கிழவியின் பெயர், கப்பல், இருக்கை. அதற்குக் கீழே, ‘கூடைக்குள் பூனையை ஒளித்துக் கொண்டுவருவாள். புளுகுணி.’ போன மாதம் ஸ்மாரோ தன் கையால் தட்டி வைத்த குறிப்பு.

கிரீஸ் நாட்டின் வோலோஸ் துறைமுகத்து டிக்கெட் ஆபீசில் அந்தக் குறிப்புகள் கவுண்டரில் உட்காருபவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை நாள் அப்படித்தான் இருந்தது.

கிழவியைத் தாஜா பண்ணிக் கப்பலேற்றிவிட்டு மேலாளர் தெக்லா திரும்பி வந்தாள். “நாக்குல இருக்கிற கொழுப்பு உனக்கு விரல்லயும் இருக்கா? பயணியப் பத்தி இன்னொரு வார்த்தை எழுதினே, அன்னைக்கே சீட்டுக் கிழிஞ்சிடும்.”

“சரி மேடம்.” இந்த வேலை போனால் ஸ்மாரோவுக்கு அப்பாவின் மீன்கடைதான் கதி.

தெக்லா மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒருவன் கொட்டாவியோடு பேசியது ஸ்பீக்கரில் கேட்டது.

“மேடம், உங்க டிக்கெட் புரோகிராமுக்குள்ளயே ஒரு பிரவுசர உட்கார வெச்சிருக்கோம். பயணி பாக்கிறது அதைத்தான். பேரு, கப்பல், சீட்டு, இத மட்டும் புரோகிராம் அதுக்கு எடுத்துக் கொடுக்கணும். காலையில புரோகிராம புதுசா மாத்தினதுல, குறிப்பையும் சேத்து மூட்டையோட தூக்கிக் கொடுத்திடுது. கொடுத்ததையெல்லாம் அது காட்டிடுது.”

“எல்லாக் குறிப்புமா?” தெக்லாவின் குரல் இறங்கியது. “பழசு கூடவா?”

“எல்லாமே. சாயங்காலம் சரி பண்ணிடறோம்.”

“சாயங்காலமா? இப்பவே பண்ணுய்யா!”

வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணிக் கப்பல் நேரத்துக்கு ஸ்மாரோவைக் காபி வாங்க அனுப்பிவிட்டுத் தானே கவுண்டரில் உட்காருவது தெக்லாவின் வழக்கம். இன்றும் வெள்ளிதான்; ஆனால் அவள் போனை விட்டு நகரவில்லை.

இரண்டு மணிக் கப்பலுக்கான வரிசையில் முதலில் நின்றவர் ஆர்கிரிஸ். ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. இவரைப் பற்றி ஸ்மாரோ எதுவும் எழுதியதில்லை. தைரியமாகவே பெயரைத் தட்டினாள்.

ஆர்கிரிஸ் திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிசைக்கே கேட்கும்படி வாசித்தார். “‘விரலில் கல்யாண மோதிரம் இல்லை. இவர் சிரித்தால், கப்பல் கொஞ்சம் தாமதமாகட்டும் என்று தோன்றும். ஜன்னலோரம் கொடுக்கவும்.’”

பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

“ஏம்மா, என் வயசு என்னன்னு தெரியுமா உனக்கு? என் பொண்ணே உன்னை விடப் பெரியவ!” என்றார். ஆனால் கை தானாக மீசையை நீவிக்கொண்டது.

“ஐயோ சார், சத்தியமா நான் எழுதலை!” ஸ்மாரோ பதறித் திரும்பினாள். போனைக் கையில் பிடித்தபடி தெக்லா பின்னாலேயே நின்றிருந்தாள். “மேடம், அந்தப் பாட்டியப் பத்தி எழுதினது நான்தான், ஒத்துக்கறேன். இது நான் இல்ல. நம்புங்க மேடம்!”

தெக்லா போனை வைத்தாள். ஸ்மாரோவைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, காது வரை சிவந்த முகத்தோடு ஆர்கிரிஸை நேராகப் பார்த்தாள்.

“அவ எழுதலைங்க. அவளுக்கு ஏது அவ்வளவு ரசனை?”