மலரின் கடைசிப் பக்கம்

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேலாளர் எஸ்தர். முதியோர் இல்லத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் ஆசிரியர் கதிரேசன். அவருக்குப் பழைய சேதிகள் சொல்ல வந்த, பதினெட்டு வருடமாக இங்கேயே இருக்கும் பவுனம்மாள். நான்காவதாக, இல்லத்தை நிறுவிய வைத்திலிங்கத்தின் மகன்.

அவர் மட்டும் காபியைத் தொடவில்லை.

"அய்யா குடிக்க மாட்டாங்க. இங்க பச்சத்தண்ணிகூட வாயில படாது. நமக்கு ஒரு டம்ளர் லாபம்" என்று பவுனம்மாள் அதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்பாவின் உயில் அப்படி. என் வம்சத்தார் எவரும் இங்கே தங்கவோ உண்ணவோ கூடாது. தருமச் சோற்றில் வயிறு வளர்த்தார்கள் என்று ஊர் சொல்லிவிடக் கூடாது.

எண்பத்து மூன்று வயதிலும் அவர் நாற்காலியில் சாயவில்லை.

கதிரேசன் கடைசிப் பக்கத்தை வாசித்தார்.

தானாகத் துணை தேடிக்கொண்டதால் வீடு ஒதுக்கிய அக்கா. கணவனும் போய், பிள்ளையும் இல்லாமல், முதுமையில் இங்கே வந்து நின்றாள். தம்பி உயிலை மீறினார். மரகதம் என்று பெயர் மாற்றி, யாரும் அறியாமல், கடைசிவரை இங்கேயே வைத்துக் காத்தார்.

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊரே அதத்தான் சொல்லுது" என்றாள் பவுனம்மாள். "மரகதம் செத்தன்னிக்கு நீங்க அழுதத நான் பாத்தேனே. வேத்தாளுக்கு யாராவது அப்படி அழுவாங்களா?"

அழுதது உண்மை.

பக்கம் அழகாக இருந்தது. அச்சேறினால் குடும்பத்துக்குப் பெருமை. தலையை ஆட்டினால் போதும்.

அக்கா உண்மையில் இங்கே வந்து நின்ற அன்று, கையிலிருந்த தகரப் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. அவர் வாசல் கேட்டுக்கு உள்ளே நின்று, உயிலை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். வீட்டுக்கு வா என்று சொல்ல நாக்கு எழவில்லை.

முழுவதும் கேட்டுவிட்டு, "அப்பா மாதிரியே பேசறே" என்றாள்.

மெச்சினாளா, ஏசினாளா, இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை.

பிறகு எங்கே போனாள், எங்கே செத்தாள், தெரியாது.

கதிரேசன் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"சரிதானே ஐயா?"

"மரகதம் செங்கத்துக்காரி. எனக்கு உறவில்லை. என் அக்கா பெயர் சௌந்தரம். அவளை நான் உள்ளே விடவில்லை."