தேசிக்காய் தேய்த்த முகப்பு

மாப்பிள்ளை வீட்டார் கமீலாவை ஒரு பார்வை பார்த்தார்கள். வீட்டைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

கல்முனைக்குடியில் பெண்ணோடு வீடும் கொடுக்கவேண்டும். பெண்ணுக்குச் சளி பிடித்திருந்தால் பொறுப்பார்கள். சுவருக்கு ஈரம் பிடித்திருக்கக் கூடாது.

கமீலாவின் வாப்பா அச்சிமுகம்மது எவரையும் நம்பாதவர். சுனாமி முடிந்த கையோடு வந்த இஞ்சினியர், முகப்பில் பதித்த பளிங்குக் கல்லொன்றைக் கழற்றி, உள்ளே அதைத் தாங்கும் ஆணிகளைப் பார்க்கவேண்டும் என்றான். கல்லைக் களவெடுக்க வந்தவன் என்று துரத்திவிட்டார்.

கல்லுக்குப் பின்னால் கடல் உப்பு தங்கிவிட்டது. ஐந்து வருடமாக இரும்பாணிகளைக் கறள் தின்கிறது. போன மாரி மழைக்கு ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. நல்லகாலம், கீழே ஆளில்லை. வாய் திறக்காமல் சீமெந்தால் ஒட்டினார். குமர்ப்பிள்ளைக்கு முன்வாசலில் என்ன வேலை என்று அன்றோடு மகளையும் பின்னால் அடுப்படிக் குசினிக் கதவுப் பக்கம் திருப்பிவிட்டார்.

இன்று காலை ஏணி வைத்து, கல்லிடுக்கில் வழிந்த செந்துருக் கறையையெல்லாம் தேசிக்காய்ப் புளி பிழிந்து தேய்த்தெடுத்தார்.

மாப்பிள்ளையின் வாப்பா பளீல், யாவாரி. குழாயைத் திறந்து பார்த்தார், நிலத்தைத் தட்டிப் பார்த்தார். முகப்பின் கீழே வந்ததும் மூக்கைச் சுருக்கி, தேசிக்காய் மணக்கிறதே என்றார். உள்ளேயிருந்து உடனே தேசிக்காய்த் தண்ணீர் வந்தது.

சுனாமிக்கே அசையாத வீடு என்றார் அச்சிமுகம்மது, கேற்றடியில் தள்ளி நின்றுகொண்டு.

யுத்தமும் முடிந்தது, இனி வீடு வளவுக்கெல்லாம் விலை ஏறும் என்று பளீல் தலையாட்டினார். கலியாணப் பேச்சு முற்றாகியது.

அவர்கள் போனதும் அச்சிமுகம்மது வயிறு குலுங்கச் சிரித்தார். கறளாணி இனி மாப்பிள்ளையின் பாடு, நாம் பின்வளவில் இருக்கிற சின்ன வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் பெண்சாதி ஸம்ஸியாவிடம்.

அவள் சிரிக்கவில்லை. கிளாசுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்:

“மாப்பிள்ள கலியாணம் முடிச்ச கையோட கட்டாருக்கு உழைக்கப் போறாரு. இந்த ஊட்டுக்குள்ள ஆரு இருக்கப்போறா?”

முன்கதவுத் தாழ்ப்பாள் விலகியது. கமீலா கதிரையை இழுத்துக்கொண்டு போய், காற்று வரும் இடமாகப் பார்த்து, முகப்பின் கீழே உட்கார்ந்தாள்.

குசினிப் பக்கமாக வரச்சொல்லி அச்சிமுகம்மது கத்தினார்.

“இனி இது என்ட வாசல் வாப்பா” என்றாள் கமீலா, முக்காட்டில் உதிர்ந்த செந்தூளைத் தட்டிவிட்டபடி.