சுற்றுவழி

நிலவுக் குடியிருப்பில் பனிக்கட்டி ஏற்றிவரும் வண்டிகளுக்குச் செல்வின்தான் மேற்பார்வையாளர். ஓட்டுநர் பேச்சியம்மாளால் அவருக்கு ரத்தக்கொதிப்பே வந்துவிடும் போலிருந்தது. அவள் வண்டி மட்டும் போய்வரும் சுரங்கத்திலிருந்து புதிதாகக் குறித்துக் கொடுத்த நேர்வழியில் அவள் ஒருநாளும் வந்ததில்லை.

"ஏம்மா, எத்தன தடவ சொல்றது? தெனமும் இருவது நிமிஷம் சுத்துற. குடிதண்ணிக்கு அத்தன பேரும் காத்துக் கெடக்காங்க."

"சரி சார்" என்பாள். மறுநாளும் சுற்றித்தான் வருவாள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரே அவளோடு வண்டியில் ஏறிக்கொண்டார். நேர்வழி தொடங்கும் இடத்தில் அவள் வண்டியை நிறுத்திக் கையைக் காட்டினாள். அந்த வழி நெடுக மண்ணில் காலணித் தடங்கள் வரிசையாகப் பள்ளத்தை நோக்கிப் போயின. திரும்பி வந்த தடம் இல்லை.

"எங்க வீட்டுக்காரரு சார். போன வருஷம் கொழாய் பாக்கப் போனாருல்ல, அன்னைக்கு நடந்தது. இங்க காத்தா, மழையா? அப்படியே கெடக்கு."

செல்வினுக்கு அந்த விபத்து நினைவிருந்தது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"இதச் சுத்தி வேலி போடச் சொல்லி மூணு மனு குடுத்தேன் சார். நிலாவுல மொதமொதல்ல எறங்குனவங்க காலடிக்கு மட்டுந்தான் வேலி போடுவாங்களாம். அந்தப் பதில்ல நீங்கதான் கையெழுத்துப் போட்டிருந்தீங்க."

எந்த மனுவானாலும் அவர் படிக்காமலேதான் கையெழுத்துப் போடுவார்.

"சுத்தியே போம்மா" என்றார்.

அலுவலகத்துக்கு வந்ததும் வரைபடத்திலிருந்த நேர்க்கோட்டை அழித்தார். மேலதிகாரி கூப்பிட்டுக் காரணம் கேட்டார்.

"அது ஆள் நடந்த எடம் சார்" என்றார் செல்வின், சலிப்போடு.