வயர் வரும்வரை

வயரா, சிம்மா என்று கனடாவும் லண்டனும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன.

கனடா என்றால் மூத்தவன் கேதீஸ்வரன். லண்டன், இளையவன் சிவகரன். இரண்டு பேரின் முகமும் தெரிகிற போனை உயர்த்திப் பிடித்தபடி விறாந்தையில் நின்றாள் அவர்களின் தங்கச்சி உதயகலா.

பக்கத்து வீட்டுக்காரனான நான் முற்றத்தில் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்தேன். செத்தவீடு லைவில் போகும்போது முற்றம் காடாகத் தெரிந்தால் மரியாதை இல்லையாம்.

இன்னும் யாரும் சாகவில்லை.

உள் அறையில் அவர்களின் அப்பா சிவசுப்பிரமணியம் ஐயா படுத்திருந்தார். கூடினால் ஒரு கிழமை என்று சொல்லி ஆசுப்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மகன்மாருக்கு லீவு கிடையாதாம். ஆனால் இருந்த இடத்தில் இருந்து அழுவதற்கு நல்ல இன்ரநெற் வேண்டும்.

இந்த இரண்டு பேரும் கடைசியாக வந்து போனது எனக்கு நினைவில்லை. வேலிக் கிளுவை மரத்துக்கு நினைவிருக்கலாம்.

சிம் போடுகிற ரவுட்டர் என்றால் அன்றைக்கே பூட்டலாம். ஆனால் எங்கள் அளவெட்டிப் பக்கத்துச் சிக்னல் வெயிலில் படுத்த மாடு மாதிரி. அதற்கு மனம் வந்தால்தான் எழும்பும். சின்னத்தங்கம் மாமியின் செத்தவீட்டில், வாய்க்கரிசி போடுகிற நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. வெளிநாட்டுச் சனம் அரை மணித்தியாலமாகக் குருக்களின் முழங்கையைப் பார்த்து அழுதது.

ஃபைபர் வயர் என்றால் படம் கண்ணாடி மாதிரித் தெரியும். ஆனால் வயர்க்காரர் வர இரண்டு கிழமை செல்லும்.

கனடா வயர்தான் வேண்டும் என்று நின்றது. அங்கே சுவரளவு டீவி இருக்கிறது. கூட்டாளிமாரும் பார்க்க வருவார்கள். முழங்கையைக் காட்ட முடியுமா?

லண்டன் கெட்டிக்காரன். கிழமைக் கணக்குப் பார்த்துக் கத்தினான்.

"விசர்க்கதை கதையாதை அண்ணை. அப்பா என்ன, உன்ரை வயருக்காக மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடப்பாரோ?"

"மெல்லக் கதையுங்கோ, அவருக்குக் கேக்கும்" என்றாள் உதயகலா.

"கேட்டாப்போலை? விளங்கவே போகுது?" என்றான் லண்டன்.

அறை யன்னல் திறந்தே கிடந்தது. நான் மண்வெட்டியை நிறுத்தினேன்.

உள்ளே கட்டில் முனகியது. நேற்றிலிருந்து வாய் திறக்காத மனுசன் செருமினார்.

"பிள்ளை... வயரையே சொல்லு. அது வருமட்டும் நான் பொறுத்துக்கொண்டு கிடக்கிறன்."

இரண்டு நாடுகளும் தலையைக் கீழே போட்டுக்கொண்டு இருந்தன.

சரி, தைத்துவிட்டது, இனி இரண்டும் அழும், விடிந்தால் பிளேன் ஏறும் என்றுதான் நானும் நினைத்தேன்.

கனடா மெல்லத் தலையை நிமிர்த்தியது.

"அப்ப பிறகென்ன, அப்பாவே சொல்லிப்போட்டார். வயரையே புக் பண்ணு, தங்கச்சி."