ஆராசியோ அரங்கத்துக்குப் புதுத் தலை

"கழுத்தோட சுத்தமா எடுத்துடுங்க. மூக்கு மட்டும் உடையக் கூடாது, மறுபடி தேவைப்பட்டாலும் படும்" என்றார் நகரத் தலைவர் அட்டியஸ்.

ஆட்கள் கயிற்றை இழுத்தார்கள். பழைய ரோமப் பேரரசரின் பளிங்குத் தலை, ஆராசியோ நகர நாடக அரங்கத்தின் மேடைச் சுவரிலிருந்து ஆடி ஆடி இறங்கியது. உடம்பு மட்டும் கவசத்தோடு மாடத்திலேயே நின்றது. ஒரே வருஷத்தில் அது இழக்கும் மூன்றாவது தலை இது.

"விழாவுக்குள்ள புதுப் பேரரசர் தலை அங்க ஏறியாகணும்" என்று சிற்பி பெல்லினஸிடம் திரும்பினார் அட்டியஸ். "அவரோட தூதர் வர்றாரு. பேரரசர்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவராம். வழியெல்லாம் அவரே சொல்லிட்டு வர்றாராம். முகத்துல தப்பு இருந்துச்சு, அடுத்து இறங்கப் போறது உன் தலைதான்."

பெல்லினஸ் தலையைச் சொறிந்தான். "ஐயா, புதுப் பேரரசரை நான் பாத்ததே இல்லையே. அவர் முகம் போட்ட காசுகூட இன்னும் நம்ம ஊருக்கு வரலையே."

"நான் மட்டும் பாத்திருக்கேனா? குண்டு, வழுக்கைன்னு கேள்வி. அதை வெச்சு செதுக்கு."

ஊரில் குண்டும் வழுக்கையுமாக இருந்தவன் மதுக்கடை சென்னோ ஒருவன்தான். அவனைப் பட்டறையில் உட்கார வைத்து, உளியைக் கீழே வைக்காமல் வேலை செய்தான் பெல்லினஸ்.

முடிந்ததும் சென்னோ தலையைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அண்ணே, தாடையில இருக்கற மருவைக்கூட விடலையே!"

பெல்லினஸ் அப்போதுதான் கவனித்தான். கண்ணில் பட்டதையெல்லாம் செதுக்கிவிடுவது அவன் கைப்பழக்கம். மரு அத்திப்பழம் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. வெட்டியெடுக்க உளியைத் தேடுவதற்குள் ஆட்கள் கயிற்றோடு வந்துவிட்டார்கள்.

"சென்னோ, விழா அன்னிக்கு நீ அரங்கத்துப் பக்கமே வரக் கூடாது. உன்னையும் சிலையையும் தூதர் சேத்துப் பாத்தாருன்னா நான் செத்தேன்."

"என்னண்ணே இது அநியாயம்? என் மூஞ்சி அவ்வளவு உசரத்துல நிக்குது, நான் மட்டும் பாக்கக் கூடாதா?"

"கூடாது!"

விழா அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. தூதர் முன்வரிசைக்கு வந்தார். சிலைக்குக் கீழே பொறித்திருந்த பெயரை முதலில் படித்தார். பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாடகம் தொடங்கியது. மேடையில் கஞ்சக் கிழவனை அவன் அடிமை ஏமாற்ற, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தூதர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் சிலையை விட்டு நகரவில்லை.

"எப்படிங்க இருக்கு, நம்ம சிற்பியோட வேலை?" என்று மெல்லக் கேட்டார் அட்டியஸ்.

"ம்" என்றார் தூதர்.

எதற்கும் இருக்கட்டும் என்று அட்டியஸ் தன் இருக்கைக்குப் பின்னாலேயே பெல்லினஸை நிறுத்தி வைத்திருந்தார். அந்த 'ம்' காதில் விழுந்ததும், வாசல் எவ்வளவு தூரம் என்று அவன் பார்த்துக்கொண்டான்.

இடைவேளை விட்டதும் பக்கத்து வாசலில் ஒரு குரல்.

"சுடச்சுடப் பன்னிக்கறி! குளுகுளுன்னு ஒயின்!"

பெல்லினஸ் திரும்பிப் பார்த்தான். முக்காட்டு அங்கியை மூக்கு வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, தட்டும் கையுமாக வந்துகொண்டிருந்தான் சென்னோ. 'போ, போ' என்று பெல்லினஸ் கைகாட்டினான். அவன் அதைக் கவனித்தால்தானே!

நேராக முன்வரிசைக்கு வந்து, சிலையிலிருந்த தன் முகத்தைப் பார்க்க அண்ணாந்தான் சென்னோ. முக்காடு நழுவிப் பின்னால் விழுந்தது. வழுக்கை வெயிலில் பளபளத்தது.

தூதர் விருட்டென்று எழுந்தார். சென்னோவைப் பார்த்தார். சிலையைப் பார்த்தார். மறுபடியும் சென்னோவின் தாடையைப் பார்த்தார்.

பெல்லினஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் கழுத்தைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தான்.

தொப்பென்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தான். சென்னோவின் காலடியில் தூதர் மண்டியிட்டுக் கிடந்தார்.

"பேரரசே! சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே!"