கவர் பிரிக்காத மெத்தை

"வயசானவங்களுக்குத் தூக்கம் கெட்டா ஒடம்பு தளர்ந்துடும்க்கா" என்று வாய் ஓயாமல் அளந்தான் வில்லியனூரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பாலாஜி.

அப்பாவுக்கு மெத்தை வாங்க வந்த செல்வகுமாரி தலையாட்டினாள்.

"யோவ் பெருசு, எந்நேரமும் தூங்கி வழியுறியே! மெத்தைய ஆட்டோல ஏத்து" என்று மூலையிலிருந்த கிழவர்மேல் எரிந்து விழுந்தான்.

தூக்கப்போன கிழவர் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

செல்வகுமாரி பதறினாள். "ராத்திரி தூங்கலியா பெரியவரே?"

"சிமெண்ட் தரையில எங்கம்மா தூக்கம் வருது? மெத்தையில சாஞ்சா கவர் அழுக்காவுதுன்னு பையன் கத்துறான்."

"எந்தப் பையன்?"

கிழவர் வாசல் போர்டைக் காட்டினார். 'சாமிநாதன் அண்டு சன்.'

"நான்தாம்மா சாமிநாதன்."

செல்வகுமாரி பாலாஜியைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இன்னாக்கா, கவர் கலர் புடிக்கலியா?" என்றான் அவன்.